மறதி குற்றமன்று



"முதுமை வந்தால் மறதியும் வரும், இதற்கு மருத்துவர் எதற்கு?" என்று நம் இல்லங்களில் சொல்லக் கேட்கிறோம். மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் தெரியாமல் தேடுவதும், பேரனை அழைக்க எண்ணி மகனின் பெயரைச் சொல்வதும் முதுமையின் இயல்புதான். ஆனால் நாற்பது ஆண்டுகள் வைத்த குழம்பில் அடுத்து எதைச் சேர்ப்பது என்று தெரியாமல் அடுப்பின்முன் திகைத்து நிற்கும் தாயை என்னென்று சொல்வது? நாள்தோறும் நடந்த தெருவில் தம் வீட்டு வாயிலைக் கண்டுகொள்ள இயலாத தந்தையை என்னென்று சொல்வது? சுருக்குப் பையைத் தாமே ஓரிடத்தில் ஒளித்து வைத்துவிட்டு, மருமகள் திருடிவிட்டாள் என்று தெருவெல்லாம் முறையிடும் மாமியாரை என்னென்று சொல்வது?

இத்தகைய சச்சரவுகள் நியாயம் கேட்டுப் பங்கு இல்லத்துக்கு வருவதுண்டு. மருமகள் கண்ணீர் வடிக்கிறாள். மகன் தாயின் பக்கமும் பேச முடியாமல், மனைவியின் பக்கமும் பேச முடியாமல் தலைகுனிந்து நிற்கிறான். உறவினர் சிலர் செய்வினை என்கின்றனர். சிலர் கிழவியின் குணமே அதுதான் என்கின்றனர். இவ்வழக்குகளுள் சிலவற்றுக்குத் தேவை நியாயத் தீர்ப்பன்று, மருத்துவச் சோதனையே. குற்றவாளி மருமகளுமல்லள், மாமியாருமல்லள். மூளைக்குள் பல ஆண்டுகளாக ஓசையின்றிப் படிந்துவரும் ஒரு புரதத்துக்கு இதில் பெரும் பங்குண்டு. அதன் பெயர் அமிலாய்டு. இம்மாதம் அதனைப் பற்றியே சிந்திப்போம்.

பெயர் வந்த வரலாறு

1854ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவ மேதை ருடால்ஃப் விர்ஹோ, மனிதத் திசுக்களில் படிந்திருந்த ஒரு பொருளை அயோடினால் சோதித்துப் பார்த்தார். மாவுப்பொருளின்மீது அயோடின் பட்டால் நிறம் மாறும் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். அந்தப் படிவும் அவ்வாறே நிறம் மாறியது. ஆகவே மாவுப்பொருளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 'அமிலாய்டு', அதாவது மாவு போன்றது, என்று அதற்குப் பெயரிட்டார். 1859இல் ஃபிரீட்ரைக், கெக்குலே என்னும் அறிஞர் இருவர் அது மாவன்று, புரதத் தன்மையுடையது என்று காட்டினர். எனினும் முதலில் வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

மூளையில் படியும் அமிலாய்டின் கதை ஓர் ஏழை நோயாளியிடமிருந்து தொடங்குகிறது. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மனநல மருத்துவமனைக்கு 1901ஆம் ஆண்டு நவம்பரில் ஆகுஸ்ட டேட்டர் என்னும் பெண்மணி கொண்டுவரப்பட்டார். அவருக்கு அப்போது வயது 51. அவரிடம் முதலில் தோன்றிய அறிகுறி மறதியன்று. கணவர்மீது காரணமற்ற சந்தேகம். பின்னரே நினைவு குலைந்தது. கணவரின் பெயரைக் கேட்டால் தம் பெயரையே சொன்னார். தம் பெயரை எழுதச் சொன்னால் எழுதி முடிக்க இயலவில்லை. அவரைப் பரிவோடு கவனித்து, கேட்ட கேள்வியையும் பெற்ற விடையையும் குறித்து வைத்தவர் அலோய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர். 1906 ஏப்ரலில் அப்பெண்மணி இறந்தபின், அவரது மூளையின் மெல்லிய சீவல்களுக்கு வெள்ளிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் கண்டார். நரம்பணுக்களுக்கு வெளியே புதுமையான படிவுகள் இருந்தன. நரம்பணுக்களுக்கு உள்ளே முறுக்கிய நூல்போன்ற சிக்கல்கள் இருந்தன. அவ்வாண்டு நவம்பர் 3ஆம் நாள் டூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர்முன் இதனை அறிவித்தார். அந்நோய் பின்னர் அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது.

பதனிட்ட தோலும் படிந்த புரதமும்

அந்தப் படிவு எதனால் ஆனது என்பது தெரிய முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1984இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கிளென்னர், கெய்ன் வாங் ஆகியோர் அந்தப் புரதத் துணுக்கைப் பிரித்தெடுத்தனர். நரம்பணுவின் உறையில் இயற்கையாகவே அமைந்துள்ள ஒரு பெரிய புரதம் உண்டு. அதனை நம் உடலின் நொதிகள் கத்தரிக்கும்போது, 40 அல்லது 42 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு துணுக்கு உண்டாகிறது. இதற்கே பீட்டா அமிலாய்டு என்று பெயர். நம் ஒவ்வொருவர் மூளையிலும் இது நாள்தோறும் உண்டாகிறது. நாள்தோறும் துப்புரவாக அகற்றவும் படுகிறது. உண்டாவதற்கும் அகற்றுவதற்கும் உள்ள சமநிலை குலையும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

அகற்றப்படாத துணுக்குகள் தம் இயல்பான வடிவை இழந்து, தட்டையாக மடிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு இழைகளாகின்றன. தோல் தொழிலை அறிந்த வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வாசகர்களுக்கு இதனை விளக்குவது எளிது. பச்சைத் தோல் சில நாள்களில் அழுகிவிடும்; ஏனெனில் அதன் புரத இழைகளை நுண்ணுயிர்களின் நொதிகள் எளிதில் அறுத்துவிடும். அதே தோலை ஆவாரம்பட்டைச் சாற்றிலோ குரோமிய உப்பிலோ பதனிட்டால், இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, நொதிகளால் அறுக்க இயலாதவாறு நிலைத்துவிடுகின்றன. தோல் தொழிலுக்கு இது நன்மை. மூளையிலோ, எளிதாக அறுத்து அகற்ற வேண்டிய துணுக்குகள் தாமாகவே இறுகி, அறுபடாத படிவாகிவிடுகின்றன. ஒன்றில் பிணைப்பது மருந்துச் சாறு. மற்றொன்றில் மடிப்பின் கோளாறு. ஆயினும் எளிதில் அழிக்க முடியாத புரதம் என்னும் விளைவில் இரண்டும் ஒத்திருக்கின்றன.

இப்படிவுகள் சேரும் இடத்தில் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் இணைப்புகள் பழுதடைகின்றன. தொடர்ந்து, நரம்பணுக்களுக்குள் 'டௌ' என்னும் மற்றொரு புரதம் முறுக்கிக்கொள்கிறது. இதுவே அல்சைமர் கண்ட நூற்சிக்கல். புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி முற்பட்டுத் தாக்கப்படுவதால்தான், இன்று காலையில் உண்ட உணவு மறந்துபோக, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த திருமணம் துல்லியமாக நினைவில் நிற்கிறது. "பழைய கதையெல்லாம் சொல்கிறாரே, இவருக்கா மறதி?" என்று ஐயுறுவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இதில் நம்மை அதிரச் செய்வது காலக் கணக்கே. அறிகுறி வெளிப்படுவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்னரே அமிலாய்டு படியத் தொடங்கிவிடுகிறது. எழுபது வயதில் தடுமாறும் ஒருவருக்கு, ஐம்பது வயதில் குடும்பத்தையே சுமந்து நின்றபோதே இது தொடங்கியிருக்கக்கூடும். அவர் செய்த பாவத்தின் தண்டனையாகவோ, பிறர் வைத்த வினையாகவோ இதனைக் கருத இடமேயில்லை.

டவுன் சின்ட்ரோம் என்னும் குறையுடன் பிறந்தவர்களின் பெற்றோரும் இதனை அறிந்திருப்பது நன்று. அவர்களிடம் 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதை 1959இல் உலகுக்கு அறிவித்தவர்களுள் முதன்மையானவர், 2021இல் திருச்சபையால் வணக்கத்துக்குரியவர் என்று அறிவிக்கப்பட்ட பிரெஞ்சு மருத்துவர் ஜெரோம் லெஜூன். அமிலாய்டின் மூலப் புரதத்துக்குரிய மரபணுவும் அதே 21ஆம் குரோமோசோமில்தான் உள்ளது. எனவே அவர்களிடம் அமிலாய்டு மிகுதியாக உண்டாகி, நாற்பது வயதளவிலேயே மூளையில் படிவுகள் காணப்படுகின்றன. அவ்வயதில் அவர்களிடம் தோன்றும் புதிய தடுமாற்றத்தைப் பிறவிக் குறையென்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கணியம்பாடி கற்பித்த பாடம்

இந்நோய் மேனாட்டாருக்கே உரியது, கூட்டுக் குடும்பமாக வாழும் நம்மை அண்டாது என்னும் எண்ணம் நெடுநாள் நிலவியது. அதனைச் சோதித்த இடங்களுள் ஒன்று நமக்கு மிக அண்மையிலேயே உள்ளது. அமிர்தியிலிருந்து வேலூர் செல்வோர் கடந்து செல்லும் கணியம்பாடி வட்டாரமே அது.

1998இல் கொச்சியில் கூடிய அறிஞர்கள் '10/66' என்னும் ஆய்வுக் குழுவைத் தொடங்கினர். மறதி நோயுற்றோரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், மக்களிடையே நடந்த ஆய்வுகளில் பத்து விழுக்காடுகூட அந்நாடுகளில் நடைபெறவில்லை என்னும் அநீதியைச் சுட்டவே இப்பெயர். இந்தியாவில் சென்னை நகரமும் வேலூரின் கிராமப்புறமும் தேர்ந்தெடுக்கப்பட்டன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் கே. எஸ். ஜேக்கபும் அவருடைய குழுவினரும் கணியம்பாடி வட்டாரத்தில் 65 வயது கடந்த ஆயிரம் பேரை ஆராய்ந்தனர்.

முடிவு வியப்பாக இருந்தது. மேனாட்டு மனநல மருத்துவர்கள் வகுத்த வழக்கமான அளவுகோலால் அளந்தபோது, நோயுற்றோர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. கல்வியறிவையும் பண்பாட்டையும் கருத்தில் கொண்டு இக்குழு வகுத்த அளவுகோலால் அளந்தபோதோ, நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் நோயுற்றிருந்தனர். அதே மக்கள், அதே ஊர்கள். கணக்கு மட்டும் பத்து மடங்கு மாறியது.

ஏன் இந்த வேறுபாடு? வழக்கமான அளவுகோல், மறதியால் அன்றாட வாழ்க்கை குலைந்திருக்கிறதா என்று வீட்டாரைக் கேட்கும். நம் வீட்டாரோ, இல்லை என்பர். தாத்தா கணக்கு வழக்குப் பார்க்க வேண்டியதில்லை, மகன் பார்த்துக்கொள்கிறான். பாட்டி சமைக்க வேண்டியதில்லை, மருமகள் சமைக்கிறாள். தட்டு முன்னால் வருகிறது, படுக்கை விரிக்கப்படுகிறது. எதையும் செய்ய வேண்டாத ஒருவருக்கு எதையும் செய்ய இயலாது என்பது வெளியே தெரிவதில்லை. நம் அன்பே நோயை மறைத்துவிடுகிறது. மருத்துவரிடம் செல்ல வேண்டிய காலம் கடந்து, இரவில் எழுந்து அலைதலும் வசைமொழியும் தொடங்கியபின்னரே விழித்துக்கொள்கிறோம். அமிலாய்டு பதினைந்து ஆண்டுகள் மூளையில் மறைந்திருக்கிறது என்றால், அதன்பின் சில ஆண்டுகள் நம் வீட்டுத் திண்ணையிலும் மறைந்திருக்கிறது.

2023இல் வெளியான அனைத்திந்திய ஆய்வு, 60 வயது கடந்த இந்தியரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்கின்றனர் என்று மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் இது மிகுதி என்றும் அது காட்டியது.

அருட்சகோதரியரின் கொடை

அமிலாய்டு படிந்த அனைவரும் நினைவிழப்பரோ என்ற அச்சம் இப்போது எழலாம். அதற்கு விடை தந்தவர்கள் துறவியரே. அமெரிக்க நாட்டில் டேவிட் ஸ்னோடன் என்னும் ஆய்வாளர் 1986இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். நோத்ருதாம் பள்ளிச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த, 75 வயது கடந்த 678 சகோதரியர் அதில் பங்கேற்றனர். ஆண்டுதோறும் நினைவாற்றல் சோதனைக்கு உட்பட்டதோடு, இறந்தபின் தம் மூளையையும் ஆய்வுக்கு அளிக்க ஒப்பினர். கல்வி கற்பித்துக் கழித்த வாழ்வு. இறந்தபின்னும் கற்பிக்க வேண்டும் என்று விரும்பினர் போலும்!

அவர்களுள் ஒருவர் 84 வயதுவரை ஆசிரியப் பணி செய்து, 101ஆம் வயதில் இறந்தார். இறுதிவரை அவர் சிந்தை தெளிவாகவே இருந்தது. மூளையைச் சோதித்தபோதோ, அமிலாய்டுப் படிவுகளும் நூற்சிக்கல்களும் ஏராளமாக இருந்தன! சகோதரியர் இளமையில், நிரந்தர வார்த்தைப்பாட்டுக்கு முன் எழுதிய தன்வரலாறுகளையும் ஆராய்ந்தனர். கருத்துச் செறிவுடன் எழுதியோரிடம் முதுமையில் இந்நோய் குறைவாகவே தோன்றியது. மேலும், படிவுகளோடு சிறு பக்கவாதத் தழும்புகளும் சேர்ந்திருந்தவர்களே மிகுதியாக நினைவிழந்திருந்தனர். ஆகவே அமிலாய்டு தனித்து எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. அதனோடு இரத்தக் குழாய்களின் பழுதும் சேரும்போது துன்பம் பெருகுகிறது. இரத்தக் குழாய்களைக் காப்பதோ பெருமளவு நம் கையில் உள்ளது.

மருந்தும் தற்காப்பும்

அமிலாய்டை அகற்றும் மருந்துகள் இப்போது வந்துள்ளன. லெகானெமாப் என்னும் மருந்துக்கு 2023இலும், டோனனெமாப் என்னும் மருந்துக்கு 2024இலும் அமெரிக்க அரசு முழு அனுமதி அளித்தது. இவை படிவைக் கரைக்கின்றன என்பது மெய். ஆனால் லெகானெமாபைச் சோதித்த 18 மாதங்களில் நோயின் வேகம் ஏறத்தாழ 27 விழுக்காடு குறைந்ததேயன்றி, நோய் நிற்கவில்லை. இழந்த நினைவும் திரும்பவில்லை. நோயின் தொடக்க நிலையில் உள்ளோருக்கே பயன். சிலருக்கு மூளையில் வீக்கமும் நுண்ணிய இரத்தக் கசிவும் உண்டாகின்றன. எனவே அற்புத மருந்து என்று யாரேனும் கூறிப் பணம் கேட்டால் ஏமாறாதீர்கள்.

அதனினும் முதன்மையான செய்தி வேறு. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் அறிஞர் குழு, 14 காரணங்களைச் சீர்செய்தால் உலகில் மறதி நோயின் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று கணித்தது. கல்விக் குறைவு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், மிகுந்த குடி, செவிப்புலன் குறைதல், கண்பார்வை மங்கல், தனிமை, மனச்சோர்வு ஆகியன அவற்றுட் சில. தாயின் கண்புரையை நீக்குவதும், தந்தைக்குக் காதுக் கருவி வாங்கித் தருவதும் மூளைக்குச் செய்யும் மருத்துவமே. 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி வரும் மாத்திரைகளை, நடுத்தர வயதினரும் தவறாது உண்ண வேண்டும். ஐம்பது வயதில் உண்ணும் மாத்திரை எழுபது வயதின் நினைவைக் காக்கிறது.

மறதி யாவும் அல்சைமர் நோயன்று என்பதையும் மனத்திற் கொள்க. தைராய்டுக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதியைத் தரும். இவை சீர்செய்யத் தக்கவை. ஆகவேதான் "வயதாயிற்று" என்று கூறி வீட்டோடு வைத்துவிடாமல், ஒருமுறையேனும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள் என்று வற்புறுத்துகிறோம்.

இல்லத்தின் கடமை, பங்கின் கடமை

சீராக் ஞான நூலின் மூன்றாம் அதிகாரம், தந்தையின் அறிவாற்றல் தளர்ந்தாலும் மகன் பொறுமை காட்ட வேண்டுமென்றும், தன் வலிமையின் செருக்கில் அவரை இகழலாகாதென்றும் கற்பிக்கிறது. அல்சைமர் பிறப்பதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இறைவார்த்தை இந்நோயாளியை அறிந்திருந்தது!

பொறுமை என்பது நடைமுறையில் என்ன? நோயாளியோடு வாதாடாதிருப்பது முதற்படி. "நான் எடுக்கவில்லை அத்தை" என்று நூறு முறை சத்தியம் செய்வதைவிட, "வாருங்கள் அத்தை, சேர்ந்து தேடுவோம்" என்று கைப்பிடித்து அழைத்துச் செல்வது மேல். சந்தேகம் அவர் பேசுவதன்று, நோய் பேசுவது. நேரத்துக்கு உணவு, நேரத்துக்கு உறக்கம், பொருள்களுக்கு மாறாத இடம் என்னும் ஒழுங்கு அவருக்கு ஊன்றுகோல். அமிர்தியைப் போலக் காடும் ஆறும் ஊரை ஒட்டியிருக்கும் இடங்களில், முதியவர் வழிதவறிப் போவது உயிருக்கே ஆபத்து. பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு எப்போதும் அவர் உடையில் இருக்கட்டும். அண்டை வீட்டாருக்கும், பேருந்து நிறுத்தக் கடைக்காரருக்கும் செய்தி சொல்லி வையுங்கள். இதில் வெட்கத்துக்கு இடமில்லை.

மருமகளையும் மறந்துவிடலாகாது. நம் பகுதியில் எத்தனையோ பெண்கள் விடியற்காலையில் காலணித் தொழிற்சாலை வண்டியேறிச் சென்று, இருட்டியபின் திரும்புகின்றனர். பகலெல்லாம் தையல் எந்திரத்தின்முன். இரவெல்லாம் உறங்காத மாமியாரின் அருகில். அவள் ஒருநாள் குரலை உயர்த்திவிட்டால் ஊரே கண்டிக்கிறது. அதுவரை அவள் உறங்காத இரவுகளை எண்ணியவர் யார்? கவனிக்கும் பாரம் ஒரு பெண்ணின் தோள்மீது மட்டும் விழுவது கிறிஸ்தவக் குடும்ப ஒழுங்காகாது. மகன்களும் மகள்களும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அன்பியக் கூட்டங்களும், மரியாயின் சேனையினரும், வின்சென்ட் தே பவுல் சபையினரும் வாரத்துக்கு ஒரு மாலையேனும் அவ்வீட்டில் அமர்ந்திருந்தால், அப்பெண் இரண்டு மணி நேரம் உறங்குவாள். அந்த உறக்கம் நீங்கள் அளிக்கும் காணிக்கை.

அருளடையாளங்களைப் பற்றியும் ஐயம் கேட்கப்படுகிறது. நினைவிழந்தவருக்கு நோயில் பூசுதல் அளிக்கலாமா? தாராளமாக அளிக்கலாம். தன்னுணர்வோடு இருந்த காலத்தில் மறைமுகமாகவேனும் அதனை விரும்பியிருக்கக்கூடியவருக்கு அளிக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1006ஆம் பிரிவு கூறுகிறது. நற்கருணையும் அவ்வாறே, அதனை மரியாதையோடு உட்கொள்ளும் நிலையில் உள்ளவரை, பெயர் மறந்தவர் என்பதற்காகத் தள்ளிவைக்கலாகாது. மகனின் பெயரை மறந்த மூதாட்டியர், செபமாலையைக் கையில் கொடுத்தால், சிறுவயதில் மனப்பாடம் செய்த பிரியதத்த மந்திரத்தைப் பிழையின்றிச் சொல்வதைக் காணலாம். மூளையில் ஆழப் பதிந்தவை கடைசியில்தான் அழிகின்றன. ஆகவே புதிய செபங்களால் அவர்களைக் குழப்பாமல், அவர்கள் அறிந்த பழைய செபங்களை அவர்களோடு சேர்ந்து சொல்லுங்கள்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர், முதியோர் உலக நாள், ஆண்டுதோறும் ஜூலை நான்காம் ஞாயிறன்று வருகிறது. அந்நாளில் முதியோருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், நன்று. ஆனால் கோவிலுக்கு வர இயலாமல், யாரென்று கேட்டால் விடை சொல்லவும் இயலாமல் வீட்டில் இருப்பவர்களின் பட்டியல் நம் பங்கில் உண்டா? இல்லையெனில், இம்மாதமே அன்பியந்தோறும் அதனை எழுதத் தொடங்குவோம். கணியம்பாடியில் கணக்குக்குள் வராதிருந்தவர்கள் நம் பங்கின் கணக்கிலேனும் வரட்டும்.

தாயே தன் பிள்ளையை மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்னும் பொருள்பட ஆண்டவர் ஏசாயாவின் வாயிலாக உறுதியளிக்கிறார். தாய் மறக்கும் நாளும் வரக்கூடும் என்பதை அவர் அறிந்தே பேசினார். அந்நாள் நம் வீட்டுக்கு வரும்போது, அவள் மறந்த பெயர்களை அவளுக்காக நாம் நினைவில் வைத்திருப்போம். அவளுடைய பெயரை நாள்தோறும் அன்போடு சொல்லி அழைப்போம். இறைவன் உங்கள் இல்லத்து முதியோரையும், அவர்களைப் பேணும் கரங்களையும் ஆசீர்வதிப்பாராக.